பக்கத்து வீட்டுக் குரோட்டன்ஸ்

ஆசிரியர் காலனியில் யாராவது வெட்கப்பட்டால் அந்த வீட்டு வாசலில் நிற்கும் குரோட்டன்ஸ் செடியில் நிறம் ஏறும். சின்னச் சங்கடத்துக்கு மஞ்சள் புள்ளி. நாலு பேருக்குத் தெரிந்த அவமானம் என்றால் நரம்போடு சிவப்பு. வெளியே சொல்லவே முடியாத விஷயத்துக்கு ஒரு மாதிரிக் கருஞ்சிவப்பு வரும். அது இலையின் அடிப்பக்கம்தான் வரும், திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். குரோட்டன்ஸ் எந்தக் காலத்திலும் மொட்டையாக நிற்காத செடி என்பதால் ஏறிய நிறம் ஏறியதுதான். காலனிக்காரர்கள் காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மாலையில் நடக்கப் போகும்போது ஒருவர் வீட்டுச் செடியை ஒருவர் நின்று பார்ப்பார்கள். வண்ணம் கூடிய வீடு மானமுள்ள வீடு. அந்த வீட்டு ஆட்களுக்கு ரேஷன் கடை வரிசையில்கூட முன்னால் இடம் விடுவார்கள்.

ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார் வேலுமயிலின் வீட்டுச் செடி மட்டும் பச்சையாக இருந்தது. பேச்சுக்குக்கூட ஒரு புள்ளி கிடையாது. புதிதாக வருகிறவர்கள் அதைக் கறிவேப்பிலை என்று நினைத்து ஒரு கொத்துக் கேட்பார்கள்.

வெட்கங்கெட்ட குடும்பம் என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. காலனியில் எல்லோரும் படித்தவர்கள், முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், வேலுமயிலைப் போல வெட்கப்படுகிற ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் அவருக்கு வெட்கமாக இருக்கும்; கொடுக்காவிட்டாலும் இருக்கும். டீக்கடையில் அவருக்கு முன்னால் வந்தவரை விட்டுவிட்டு அவருக்கு டீ கொடுத்துவிட்டால் அந்த டீயை அவரால் குடிக்க முடியாது. செடி பச்சையாக நிற்பதை நினைத்து நினைத்து வெட்கப்பட்டார். அதற்காவது ஒரு மஞ்சள் புள்ளி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

அவருக்காக என்றால் பொறுத்துக்கொண்டு போயிருப்பார். மகள் தேன்மொழிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் செடியைப் பார்ப்பார்கள், பிறகுதான் பெண். வந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பச்சையைப் பார்த்தார்கள். ஒரு குடும்பம் வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது. அவர்கள் சேலத்திலிருந்து வந்தவர்கள். உள்ளே தேன்மொழி பட்டுச்சேலையை மடித்து வைக்கும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

செய்யாத வைத்தியம் இல்லை. மண்ணை மாற்றினார், வேப்பம்பிண்ணாக்கு போட்டார், வெயில் படட்டும் என்று தென்னை மட்டையைக் கழித்துவிட்டார். கோடி வீட்டுத் தமிழய்யா முன்பொரு முறை இலைகளில் மஞ்சளும் குங்குமமும் குழைத்துப் பொட்டு வைத்து, மழையில் கரைந்து மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்ட அவமானத்தில் அவர் செடி முழுக்கச் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. இன்றைக்குக் காலனி நலச்சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அந்த வழியும் யோசித்தார் வேலுமயில். ஆனால் மழைக்காலம் முடிந்திருந்தது.

கடைசியில் வேண்டுமென்றே ஒரு கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் போய்ச் சாப்பிட்டார். மணமேடை பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் பந்தியில் உட்கார்ந்தார். பாயசம் இரண்டாம் முறை கேட்டார். "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடுங்களா?" என்று பரிமாறியவர் கேட்டபோது அவருக்கு உயிரே போய்விட்டது. எச்சில் கையோடு வீட்டுக்கு ஓடி வந்து செடியைப் பார்த்தார். பச்சை.

பக்கத்து வீட்டு வாசலில் அப்போது நாலைந்து பேர் கூடி நின்றார்கள். கணக்கு வாத்தியார் அர்த்தநாரியின் குரோட்டன்ஸில் உச்சிக் கொத்து முழுக்கச் சிவந்திருந்தது. ஏற்கெனவே அந்தச் செடி ஜவுளிக்கடை வாசல் மாதிரிதான் இருக்கும். அர்த்தநாரி இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தராதவர், தன் வீட்டுக் குப்பையை எதிர்வீட்டு முனையில் கொட்டுகிறவர். ஆனாலும் காலனியில் அவரை மானஸ்தன் என்றுதான் சொல்வார்கள். செடி சொல்லும்போது மறுத்துப் பேச முடியாதல்லவா.

"புதுசா ஏதாச்சும் சங்கடமுங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"என்னமோ மனசு ஒப்பலைங்க," என்றார் அர்த்தநாரி. பல்குத்திக்கொண்டே சொன்னார்.

மறுநாள் காலையில் பால்காரப் பெண்மணி பாலை ஊற்றிவிட்டு, "உங்க செடி நல்லாப் பச்சையா இருக்குதுங்க," என்றாள். பாவம், பாராட்டாகத்தான் சொன்னாள். வேலுமயிலுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அந்த நேரத்தில் மதில் சுவருக்கு அந்தப் பக்கம், அவர் கண் எதிரிலேயே, அர்த்தநாரி செடியின் ஓர் இலை காம்பிலிருந்து நுனி வரைக்கும் சிவந்தது.

வேலுமயில் பால் செம்போடு அப்படியே நின்றார். அவருக்கு விளங்கிவிட்டது. கேட்டு வாங்கி வைத்த கிளை வேர் பிடிக்காது, கேட்காமல் ஒடித்து வந்து வைத்தால்தான் பிடிக்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்வதுதான். அவரும் குடிவந்த புதிதில் ஒரு மத்தியான நேரம், தெருவே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது, சுவர் வழியாகக் கையை நீட்டி அர்த்தநாரி செடியில் ஒரு கிளையை ஒடித்து வந்து வைத்திருந்தார். கிளை நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஆனால் அவர் வீட்டு வெட்கமெல்லாம் தாய்ச்செடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவருடையது, மனைவி சுலோசனாவுடையது, தேன்மொழியுடையது, எல்லாமே. ஒடித்ததை நினைத்தபோது அவருக்கு மறுபடியும் வெட்கமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னோர் இலை சிவந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு அர்த்தநாரியிடம் போனார். அவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேலுமயில் ஒன்றையும் மறைக்கவில்லை. கிளையை ஒடித்தது, பாயசம், பால்காரப் பெண்மணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "பொண்ணுக்கு ஒரு நல்ல இடம் வருதுங்க. அந்த ஒரு நாளைக்கு மட்டும் உங்க செடியைத் தொட்டியோட என்ற வாசல்ல வெச்சுக்கறனுங்க," என்றார்.

அர்த்தநாரி பேப்பரை மடித்தார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க பி.டி. வாத்தியாரே. ஆனா எம்பட வாசல்ல நிக்கறது எம்படதுதானுங்க."

கேட்டிருக்கக் கூடாது என்று வேலுமயிலுக்குத் தோன்றியது. இத்தனை வயதுக்குமேல் அடுத்தவன் வாசலில் போய் நின்றோமே என்று கூனிக்குறுகிப் போனார். இருவருக்கும் நடுவில் இருந்த கிளையில் மூன்று நான்கு இலைகள் சேர்ந்தாற்போல் சிவந்தன.

"பாருங்க," என்றார் அர்த்தநாரி. "இல்லைன்னு சொன்னதுல எனக்கே எப்படியோ ஆயிருச்சு."

வரப்போகிற இடம் நல்ல இடம்தான். மாப்பிள்ளை கால்நடை மருத்துவர். போட்டோவில் ஒரு கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தைய போட்டோக்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த தேன்மொழி இதை மட்டும் திருப்பித் தரவில்லை. இரண்டு நாளாகப் பாத்திரம் விளக்கும்போது அவள் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். சுலோசனா அதைக் கேட்டுவிட்டு அடுக்களைக்குள் வராமலே நின்றாள். இந்த இடமும் கேட்டோடு திரும்பிப் போனால் அவள் இனிமேல் பாட மாட்டாள் என்று தாய்க்கும் தெரிந்திருந்தது, தகப்பனுக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா முதலில் இறங்கினார். கனமான மனுஷி, பார்வையும் கனம்தான். வேலுமயில் வீட்டுப் பச்சையைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுச் செடியைப் பார்த்தார். அதன் மேல் வெயில் விழுந்து அந்தச் சுவரே சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிந்தது. அவர் முகம் இளகியது.

"ஏனுங்க, பொண்ணு வீடு எதுங்க?" என்று கேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து வேலுமயிலிடம் கேட்டார்.

வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீறோடு, வரவேற்பதற்காகவே கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த வேலுமயில் கையை நீட்டிப் பக்கத்து வீட்டைக் காட்டினார். "அதுங்க. நான் பக்கத்து வீடு."

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அர்த்தநாரி பனியன்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க. வழி சுலபமாக் கிடைச்சுதுங்களா?" என்று வெளியே வந்தார். இரவல் விஷயத்தில் அவருக்கு எப்போதுமே தயக்கம் கிடையாது. பின்பக்க மதிலோரம் சுலோசனா முக்காலியைப் போட்டாள். தேன்மொழி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

"அப்பா, நீங்க?"

"நான் காபி கொண்டாரேன் கண்ணு. நீ போ."

அந்தப் பக்கத்தில் அர்த்தநாரியின் மனைவி அவளைக் கை கொடுத்து இறக்கிவிட்டார். பூ கசங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தும் விட்டார்.

காபித் தட்டை வேலுமயில்தான் கொண்டு போனார். கொடுத்துவிட்டு வந்துவிட அவரால் முடியவில்லை. செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். தேன்மொழி வந்து கும்பிட்டாள். போட்டோவில் இருந்ததைவிட மாப்பிள்ளை ஒல்லியாக இருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்து ஒரே நேரத்தில் குனிந்துகொண்டார்கள். நல்லதாகப் போயிற்று என்று வேலுமயிலுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா அவரைக் காட்டி, "இவருங்க?" என்றார்.

"பக்கத்து வீட்டுக்காரருங்க," என்றார் அர்த்தநாரி. கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்ல மனுசன்தான். ஆனா..."

"வரும்போதே பாத்தமுங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

தேன்மொழி வாயைத் திறக்கப் போனாள். வேலுமயில் அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் வாயை மூடிக்கொண்டாள். பெற்ற மகள் தன்னைப் பக்கத்து வீட்டுக்காரனாக விட்டுவிட்ட அந்த நொடியில் அவருக்கு வந்த வெட்கம் அதற்கு முன்னால் வந்த எதையும் போல இல்லை. அவளுக்கு வந்ததும் அதற்குக் குறைந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே செடி அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரே மூச்சில் நிறம் மாறியது. மிச்சமிருந்த கொஞ்சம் பச்சையும் போய்விட்டது. அறைக்குள் எல்லோர் சட்டையிலும் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து ஜன்னலருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது. "இப்படியொரு வீட்டுல பொண்ணெடுக்க நாங்க குடுத்து வெச்சிருக்கோணுமுங்க," என்றார்.

கல்யாணம் கோபியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அர்த்தநாரியும் அவர் மனைவியும் மணமேடையில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார்கள். சுலோசனா பெண்களோடு நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்தவர் பெண்ணுக்கு நீங்கள் என்ன வேணும் என்று கேட்டதற்கு, தெருக்காரங்க என்று சொன்னாள். வேலுமயிலுக்கு உள்ளே உட்கார முடியவில்லை. பழக்கதோஷத்தில் விசிலைக் கொண்டு வந்திருந்தார். அதனால் வெளியே நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தினார். கெட்டிமேளம் கேட்டபோது ஒரு வேனைப் பின்னால் எடுக்கச் சொல்லி விசில் ஊதிக்கொண்டிருந்தார். வேன் சரியாகச் சுவரோரம் நிற்கும்வரை ஊதினார். அதற்குப் பிறகுதான் அழுதார். வேன் டிரைவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாயும் நேரத்தில் வேலுமயிலும் சுலோசனாவும் தாம்பூலப் பைகளோடு காலனிக்குத் திரும்பினார்கள். பக்கத்துச் செடியில் சிவக்க இனி ஓர் இலையும் பாக்கியில்லை; அவர்கள் வீடே வெட்கத்தில் தெருவைப் பார்த்துத் தலை கவிழ்ந்து நின்றது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் முன்னால் குனிந்து கேட்டுக்கு மேலே வந்திருந்தது. வாசற்படி நிலை இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தது. சன்ஷேடில் காய்ந்த துணி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுலோசனா துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முட்டி போட்டு, பையை முதலில் உள்ளே தள்ளிவிட்டுப் பின்னாலேயே நுழைந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அர்த்தநாரி கூப்பிட்டார். "அம்மிணி போன் பண்ணுச்சுங்க. போய்ச் சேந்துட்டாங்களாமா. பக்கத்து வீட்டு மாமா சாப்புட்டாரான்னு கேட்டுச்சு."

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க," என்றார் வேலுமயில்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் தவழ்ந்து உள்ளே போனார். கூடத்தில் சுலோசனா கால் நீட்டி உட்கார்ந்து, தலைக்கு ஒரு சாண் மேலே தொங்கிய மின்விசிறியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நாளைக்கு மொதல்ல இந்த ஃபேனைக் கழட்டீறோணும்," என்றாள்.

அவர் சரி என்று சொல்லிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.