புரொஃபசர் கேட்ட ரகசிய ஓட்டு

என் கணவர் வின்ஸ்லோவுக்கு, செத்து இருநூறு வருடமான அரசியல்வாதிகள்தான் நெருங்கிய சொந்தம். முப்பத்தோரு வருடமாகக் கல்லூரியில் ஒரே பாடம்: நாடு பிறந்த புதிதில் ஜனங்கள் எப்படி ஓட்டுப் போட்டார்கள். அதைப் பற்றி நான்கு புத்தகங்கள். நான்கையும் பிழை திருத்தியவள் நான். நான்கும் சொல்வது ஒன்றுதான்: அன்றைய வர்ஜீனியாவில் வேட்பாளரின் முகத்துக்கு நேரே, 'உனக்கில்லை, அவனுக்கு' என்று வாய்விட்டுச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள், சீட்டில் எழுதி மடித்துப் போடும் நாமெல்லாம் கோழைகள். இதைச் சொல்லும்போது மேசையைத் தட்டுவார். காப்பிக் கோப்பைகளை நான் முன்கூட்டியே நகர்த்தி வைத்துவிடுவேன்.

நான் எங்கள் வெர்மாண்ட் ஊரின் நூலகர். நூலகம் பள்ளிக்கூடத்து அடித்தளத்தில் இருக்கிறது. பனி உருகினால் தண்ணீர் புகுந்து, குழந்தைகள் புத்தகமெல்லாம் ஊறிப் பருத்துவிடும். இந்த மார்ச் ஊர்க்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: ஊர்க்கூடத்து மாடியில் உள்ள பழைய பெஞ்சுகளைக் கழற்றிவிட்டு நூலகத்தை அங்கே மாற்றலாம். அந்தப் பெஞ்சுகள் 1798இல் போட்டவை. வின்ஸ்லோவின் மூன்றாவது புத்தகத்துக்கு அட்டைப்படமே அவைதான். இரண்டு மாதமாக அவர் வாயைக் கிளறிப் பார்த்தேன். "யோசிக்கணும், டெலியா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

கூட்டத்துக்கு எண்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். தலைமை, பால்பண்ணை பெர்னிஸ் தீபோ. "ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்று அவள் ஆரம்பிக்கும்போதே வின்ஸ்லோ எழுந்தார்.

"இதை... சீட்டு எழுதிப் போடலாமே."

கூடம் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

"என்ன புரொஃபசர், எங்களைத்தானே கோழைன்னு திட்டுவீங்க?" என்றான் பனி அள்ளும் வண்டி ஓட்டும் கார்ல்.

"அது வேற சந்தர்ப்பம்."

"பொண்டாட்டி எதிர்ல உக்காந்திருந்தா வேற சந்தர்ப்பம்தான்!"

பெர்னிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஏழு பேர் கேட்டா ரகசிய ஓட்டு. சட்டம் அப்படி. புரொஃபசர் ஒருத்தர். இன்னும் ஆறு பேர் எழுந்திரிங்க."

ஒருவரும் அசையவில்லை. இப்படி ஒரு வேடிக்கையை யார் விடுவார்கள்?

ஆதரவாக நாற்பத்திரண்டு கைகள். அடுத்து, "எதிர்க்கிறவங்க?" என்றாள் பெர்னிஸ். வின்ஸ்லோ காது மடல்வரை சிவந்தார். என்னை நேராகப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார், அரைகுறையாக இல்லை, முழுசாக. நாற்பத்து மூன்று.

ஒரே ஒரு கை வித்தியாசத்தில் தோற்றேன். அது யார் கை என்று ஊருக்கே தெரியும். ஆத்திரத்தில் எனக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடமும் வெறும் வாய்ச்சவடால் என்று நினைத்திருந்தேன். மனிதர் சொன்னபடியே செய்துவிட்டாரே என்று கூடவே ஒரு பெருமையும் வந்து தொலைத்தது.

மதியச் சாப்பாட்டுக்கு நீள மேசைகள் போட்டார்கள். வின்ஸ்லோ பீன்ஸ் தட்டோடு வந்து என்னெதிரே நின்றார்.

"உட்காரட்டுமா?"

பக்கத்து நாற்காலியில் என் கோட்டு கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை. எழுந்து கூடத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"இந்த மனுஷன் என் பக்கத்துல உட்காரலாமா? கையைத் தூக்கிச் சொல்லுங்க."

ஸ்பூன் பிடித்த கைகளெல்லாம் எழுந்தன. கார்ல் இரண்டு கையையும் தூக்கினான். வின்ஸ்லோ எதையும் எண்ணவில்லை. என் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அது எழும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று.