திரும்பி வந்த குழாய்கள்

இரண்டாம் தொட்டியில் முக்காமல் அனுப்பிய எண்ணூற்றுப் பதின்மூன்று யூரின் டியூப்களில் எண்ணூற்றுப் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் ஆஸ்பத்திரிகளிலிருந்து தாமாகவே ஊர்ந்து கம்பெனிக்குத் திரும்பிவிட்டன. ஒவ்வொன்றின் மேலும் பச்சையும் மஞ்சளுமாகக் கொழகொழவென்று ஒரு படிவு. நாற்றம் குடலைப் பிடுங்கியது. வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டைத் திறந்து, வரிசையாக வரச் சொன்னார்.

பத்தொன்பது வருடமாக அங்கே குழாய்களுக்குப் பூச்சுப் போடுகிறவளுக்குப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. முதல் தொட்டிப் பூச்சு வழுக்குவதற்கு. குழாய் உள்ளே போவதே நோயாளிக்குத் தெரியாது. இரண்டாவது, கிருமி ஒட்டாமல் இருப்பதற்கு. அது இல்லாவிட்டால் மூன்றே நாளில் கிருமிகள் குழாய்க்குள் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். புது மேனேஜர், கஞ்சப்பிசினாறி என்று எல்லோரும் கூப்பிடும் அந்த ஆள், இரண்டாம் தொட்டியை மூடச் சொன்னான். "கிருமி ஒட்டிக்கும் சார்" என்று சொல்லிப் பார்த்தாள். "கண்ணுக்கா தெரியப்போகுது? கையெழுத்தைப் போட்டுட்டுப் போம்மா" என்றான். சீ, அதையும் சோறு தின்கிற வாயால்தான் சொன்னான். இவள் மட்டும் என்ன யோக்கியம்? ஒவ்வொரு குழாயின் உறைக்குள்ளும் போகும், 'இரு பூச்சும் முடிந்தது' என்று அச்சடித்த சீட்டுகள் அத்தனையிலும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வராத அந்த ஒன்றைத் தேட வேண்டியிருக்கவில்லை. அண்ணியிடமிருந்து போன் வந்தது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் அண்ணனுக்கு ஜுரம் நூற்று நாலு.

"நர்ஸம்மா டியூப் எடுத்தப்ப உன் கையெழுத்தைப் பார்த்தேன். நம்ம பொண்ணு செஞ்சது, இதையே போடுங்கன்னு நான்தான் சொன்னேன்..." என்றார் அண்ணி.

இவள் போனை வைத்தாள். இரண்டாம் தொட்டியைத் தானே திறந்தாள். மேனேஜர் தன் அறையிலிருந்து காட்டுக்கத்தல் கத்தினான். முழங்கால் வரை குழாய்கள் ஏறியிருந்ததால் எழுந்து வர முடியவில்லை. இரண்டு பூச்சும் போட்டுக் காயவைத்து, கிருமி நீக்கி உறையிலிட்ட ஒரு குழாயோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

பழைய குழாய் படிவால் உள்ளேயே ஒட்டிக்கிடந்தது. நர்ஸ் உருவியபோது அண்ணன் போட்ட அலறலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. சீழும் ரத்தமும் நூல் நூலாகக் கூடவே வந்தன. அதைவிடக் கட்டில் ஓரம் கிடந்த சீட்டில் தன் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவளுக்குக் குமட்டியது. புதுக் குழாயை நர்ஸ் செலுத்தி முடித்த பிறகு அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் போடலையா?" என்று கேட்டார். ஜுரம் இறங்க ஒன்பது நாள் ஆனது.

பழைய குழாய் தட்டிலிருந்து இறங்கி, படிக்கட்டில் சொதசொதவென்று விழுந்து, ரோட்டைத் தாண்டிக் கம்பெனிக்கு வந்தது. மேனேஜர் அறைப்பக்கம் அது திரும்பவே இல்லை. நேரே இவள் மேஜையில் ஏறி, சீட்டுக்கட்டின் மேல் சுருண்டுகொண்டது. துடைப்பத்தோடு வந்தவர்களை, "விடுங்க, அது என்கிட்டதான் வந்திருக்கு" என்று அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று மேனேஜர்கள் மாறிவிட்டார்கள். அவள் இன்றும் அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாள். விரலில் ஒட்டுவதைச் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்கிறாள்.