வேம்புக்குக் கட்டிய மேடை

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையை அகலப்படுத்துகிறார்கள். வழியில் நிற்கும் மரங்களில் எதை விட்டுவைக்கலாம், எதை வெட்டலாம் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பெரும்பாலும் வெட்டலாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள்.

தையல்நாயகியின் வடைக்கடையை ஒட்டி நின்ற வேம்பை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சாலையோரப் புது வாய்க்கால் அதன் அடியை உரசிக்கொண்டு போவதாக இருந்தது. கோடை முழுக்க இன்ஜினியர் பிரேம்குமாரோடு மல்லுக்கு நின்று அதைத் தள்ளி வளைக்க வைத்தேன். "ஒரு வேப்பமரத்துக்கு வாய்க்காலே வழிவிட்டு ஒதுங்குது. கலெக்டருக்குக்கூட இந்த மரியாதை கிடையாது சார்" என்று அவர் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

ஆடியில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். தேறி வந்து பார்த்தால், மரத்தைச் சுற்றி டைல்ஸ் ஒட்டிய மேடை. தண்டில் மஞ்சள் சேலை, குங்குமம், எலுமிச்சை மாலை.

"எப்பிடி சார் இருக்குது?" தையல்நாயகி கரண்டியோடு ஓடி வந்தாள். "அம்மனாக்கிட்டோம். இனிமே எவன் கைய வைப்பான்? தெருவே கூடிக் கட்டினது. கான்ட்ராக்டரு மீந்த கான்கிரீட்ட சும்மாவே கொட்டினாரு."

"அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்மா?"

"இடுப்பளவு. நாளைக்கு விரிசல் விடக்கூடாது பாரு."

"வேர் வந்திருக்குமே?"

"வந்துச்சு, தொடை தண்டி. மூணு பக்கமும் அறுத்து எடுத்துட்டுதான் செங்கல் வச்சோம். இந்தப் பக்கம் கடை இருக்குன்னு தோண்டல. அடியில ஆணிவேரு இருக்கே சார், அது போதாது?"

போதாது.

மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துக்கு வேர் இறங்கியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வளர்ந்த மரத்துக்கு அப்படி இல்லை. முக்கால்வாசி வேர் மேல்மண்ணிலேயே, கிளைகளையும் தாண்டிப் படர்ந்திருக்கும். குத்துவிளக்கை நிறுத்துவது அதன் அகலமான அடிப்பாகம்தானே, அதைப்போல. அதிலும் காற்று வரும் பக்கத்து வேர்தான் முக்கியம். கூடாரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கயிறு மாதிரி அது. இங்கே ஐப்பசிப் புயல் கிழக்கே கடல் பக்கமிருந்து வரும். அந்தக் கிழக்கு வேர்களைத்தான் அறுத்திருந்தார்கள். மிச்சம் இருப்பது மேற்கே, கடைக்கு அடியில். விழுந்தால் கடைமேல்தான் விழும்.

கடப்பாரையால் மேடையோரம் கிளறிப் பார்த்தேன். அறுத்த முனைகள் அழுகிக் கறுத்துப்போயிருந்தன.

விஷயத்தைச் சொன்னேன். அவள் மேலே பார்த்தாள்.

"இலை எவ்ளோ பச்சையா இருக்குது பாரு சார்."

"தண்டுல சேர்த்து வச்ச சாப்பாடு இருக்கும்மா. பங்குனி வரைக்கும்கூட பச்சையா இருக்கும். காத்து ஐப்பசியிலயே வந்துடும்."

"கிளைய கழிச்சா?"

"பாரம் குறையும். பிடிப்பு வராது. கீழ ஆள் உக்காராத இடமா இருந்தா விட்டுப் பார்க்கலாம்."

"அப்போ?"

"எடுத்துடணும்மா."

"இத்தினி நாளு காப்பாத்தறேன்னு நின்ன. நாங்க காப்பாத்தினதும் வெட்டணும்ங்கிற. நீயும் அவங்க ஆளுதான்." கரண்டியை ஓங்கிக்கொண்டே சொன்னாள். எண்ணெய் என் சட்டையில் சொட்டியது.

பிரேம்குமாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப வாய்க்கால நேராவே விட்டிருக்கலாமே சார்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. "சரி, திங்கக்கிழமை கிரேன் அனுப்பறேன். அம்மனாச்சே, ஜனங்க விடுவாங்களா?"

"தெரியல" என்றேன்.

கடையில் கூட்டம் சேர்ந்திருந்தது. தையல்நாயகி என் பக்கம் திரும்பவே இல்லை. மரத்தடி நிழலில் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஒரு ஆட்டோக்காரர் உட்கார்ந்தார். சட்டினிக்காகத் தட்டை நீட்டினார்.

"அண்ணே, அந்தாண்ட போய் உக்காரு."

"அந்தாண்ட வெயிலு கொளுத்துது தையலு. நிழலுக்குத்தான உன் கடைக்கு வரேன், வடைக்கா?"

எப்போதும் இதற்கு ஒரு வசவு கிடைக்கும். இன்று அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு இறங்கி வந்தாள். காலியாக இருந்த ஸ்டூல்களை இரண்டிரண்டாகத் தூக்கி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெயிலில் வரிசையாகப் போட்டாள். பிறகு வந்து, ஆட்டோக்காரர் எழுந்திருப்பதற்காக அவர் பக்கத்திலேயே நின்றாள்.