சிவப்பு மையில் பதினோரு பெயர்கள்

அமெரிக்கக் கடற்படையில் ஹோசியா வெதர்பீ என்றொரு அதிகாரி இருந்தார் என்பது அமெரிக்காவுக்கே தெரியாது. அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. உள்நாட்டுப் போர் முடிகிற சமயமாகப் பார்த்துக் கப்பலேறினார். பீரங்கிப் பக்கம் போய் நிற்பதற்குள் சண்டை ஓய்ந்துவிட்டது. அதற்கப்புறம் இருபது வருஷமாகச் சண்டையும் இல்லை, பெயரும் இல்லை. மேலே இருக்கிறவர் செத்தாலோ ஓய்வு பெற்றாலோதான் கீழே இருக்கிறவர் ஒரு படி ஏறலாம். மேலே இருந்தவர்களுக்கோ இரும்பு உடம்பு.

ஒவ்வொரு ஜனவரியும் அதிகாரிகள் பட்டியல் அச்சாகி வந்ததும், யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று அவர் மனைவி கெஸையா விரல் வைத்துத் தேடுவாள். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். கமாண்டர் பதவி வந்தால் கோட்டுக் கையில் தைக்க வேண்டிய தங்கச் சரிகையை ஒன்பது வருஷம் முன்பே வாங்கி, கற்பூரம் போட்டு அலமாரியில் மடித்து வைத்திருந்தாள்.

வெதர்பீக்குக் கிடைத்த கப்பல் ‘பெக்வாக்கெட்’; பதவி எதுவானாலும் கப்பலில் அவர்தான் கேப்டன். பாய்மரமும் உண்டு, நீராவி எஞ்சினும் உண்டு. எஞ்சினை ஓட்டத்தான் கூடாது. அது மேலிடத்து உத்தரவு. காற்று இலவசம், நிலக்கரி இலவசமில்லை. மீறி உலையைப் பற்றவைத்தால், என்ன காரணத்துக்காகப் பற்றவைத்தேன் என்று கப்பல் நாட்குறிப்பில் கேப்டனே சிவப்பு மையால் எழுத வேண்டும். சிவப்பு எழுத்து இருக்கிற கேப்டனை மேலிடம் பார்க்கிற பார்வை, பள்ளிக்கூடத்துச் சுவரில் கிறுக்கினவனைப் பார்க்கிற பார்வை.

வெதர்பீயின் நாட்குறிப்பில் நான்கு வருஷமாக ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது. மூன்று மாதத்துக்கொரு தடவை கொதிகலனைச் சோதித்துப் பார்க்க அனுமதி உண்டு, அதற்குச் சிவப்பு மை வேண்டாம். அந்தச் சோதனையைக்கூட அவர் தள்ளிப் போட்டுவிடுவார். எஞ்சினியர் பிளம்மர் வேறு வழியில்லாமல் உலைக்குள் உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கி, கொதிகலன் மேல் துணி காயப்போட்டிருந்தார். இவ்வளவு சிக்கனமான கப்பல் உலகத்திலேயே இல்லை என்று மேலிடம் பாராட்டிக் கடிதம் எழுதியது. கடைசியில் அந்த வருஷம் ஒரு கமாண்டர் இடம் காலியாயிற்று. போட்டியில் இரண்டே பேர்: வெதர்பீ, ஆல்டன் ப்ரூக்ஸ். இந்த ப்ரூக்ஸ் போன வருஷம்தான் ஒரு கப்பலை மணல் திட்டில் ஏற்றி உடைத்தவர். ஆனால் பாய் விரித்துக்கொண்டு போய் உடைத்தார், ஒரு பிடி நிலக்கரி செலவில்லை.

அக்டோபரில், வடகிழக்கே மெய்ன் மாநிலக் கரைக்கு வெளியே, புயல் அடித்து ஓய்ந்த காலையில், வெதர்பீ ஒரு சரக்குக் கப்பலைப் பார்த்தார். பாய்மரம் இரண்டும் முறிந்து, பாறைக்கு முன்னால் ஒற்றை நங்கூரக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று சுத்தமாகச் செத்துவிட்டது. அலை மட்டும் சாகவில்லை. பெக்வாக்கெட்டின் பாய்கள் ஈரத் துணி மாதிரி தொங்கின. இறக்கிய படகு கவிழப் பார்த்துத் திரும்பி வந்தது.

வெதர்பீ தொலைநோக்கியை இறக்கவில்லை. அந்தக் கப்பலின் தளத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

“பிளம்மர், உலையைப் பத்தவையும்” என்றார்.

“சார், உள்ள கெழங்கு இருக்கு.”

“வெளிய எடுத்துப் போடும்.”

“எடுத்துப் போட்டாலும் ஆவி ஏற மூணு மணி நேரம் ஆகும் சார். நாலு வருஷமா பச்சத் தண்ணி குடிச்சிட்டுக் கெடக்குது.”

“அப்ப இங்க நின்னு பேசிட்டு இருக்காதேயும்.”

மூன்று மணி நேரம் வெதர்பீ அந்த நங்கூரக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அறுந்தால் பாறைதான். பயந்தார், சும்மா சொல்லக்கூடாது, நன்றாகப் பயந்தார். ஒரு மணிக்குப் புகைபோக்கி இருமியது. கிழங்கு சுட்ட வாசனையோடு பெக்வாக்கெட் நகர்ந்து போய், வடம் வீசி அந்தக் கப்பலைப் பாறையிலிருந்து இழுத்துவிட்டது. அதிலிருந்த பதினோரு பேரும் உயிரோடு ஏறி வந்தார்கள். சாயங்காலம் அருமையான காற்று கிளம்பியது. வரவேண்டிய நேரத்தில் வராத காற்று.

பிளம்மர் கேப்டன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“சார், இந்த மூணு மாசத்துச் சோதன இன்னும் பாக்கி. ‘கொதிகலன் சோதன’ன்னு கறுப்பு மையில ஒரு வரி போட்டுருங்க. யாரு கேக்கப் போறா? ப்ரூக்ஸ் அங்க நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறான்.”

“அப்ப இவங்க பதினோரு பேரும்?”

“அவங்கதான் பொழச்சிட்டாங்களே சார். நாட்குறிப்புல ஏறினா இன்னுமா நல்லாப் பொழைக்கப் போறாங்க?”

நியாயமான கேள்விதான். வெதர்பீ கறுப்பு மையில் பேனாவைத் தோய்த்தார். கெஸையாவின் சரிகை நினைவுக்கு வந்தது. கூடவே அந்தக் கயிறும் வந்தது. பேனாவைத் துடைத்துவிட்டுச் சிவப்பு மைப் புட்டியை எடுத்தார். மூடி நான்கு வருஷமாக ஒட்டிப் போயிருந்தது, பிளம்மர்தான் இடுக்கி கொண்டுவந்து திறந்தார், திட்டிக்கொண்டே.

காரணம் எழுத ஒரே ஒரு வரிதான் இடம். வெதர்பீ பதினோரு பெயர்களையும் கேட்டு, ஓரமெல்லாம் நிரம்ப எழுதினார். குழந்தையிடம் வந்தபோது மாட்டிக்கொண்டார்.

“பேரு இன்னும் வைக்கலங்க, பொறந்து ஒம்பது நாள்தான் ஆகுது” என்றாள் தாய் டெலியா. “உங்க பேரையே வச்சிரட்டுமா?”

“பொண்ணுக்கா? ஹோசியான்னு வச்சா என்னைய ஆயுசு பூரா சபிக்கும்.”

“அப்ப உங்க வீட்டம்மா பேரு என்னங்க?”

டிசம்பரில் மேலிடத்துக் கடிதம் வந்தது. மாலையில் காற்று கிளம்பியிருக்கிறதே, அதுவரை ஏன் காத்திருக்கவில்லை? ஒரு வரிக்குள் எழுத வேண்டிய காரணத்தை ஏன் ஒரு பக்கத்துக்கு எழுதினீர்கள்? ஜனவரிப் பட்டியலில் கமாண்டர் ஆல்டன் ப்ரூக்ஸ் என்று அச்சாகியிருந்தது. வெதர்பீக்குக் கரையில் ஒரு மேஜை, நிலக்கரிக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி.

சிவப்பு மைக் கதையை அவர் சொல்லி முடித்த பிறகும் கெஸையா விரலைப் பட்டியலிலிருந்து எடுக்கவேயில்லை.

“மிஸ்டர் வெதர்பீ” என்றாள். கோபம் வந்தால் அவளுக்கு அவர் மிஸ்டர்தான். “இருபது வருஷம் காத்திருந்தேன். கறுப்பு மையில ஒரு வரி. அதுகூட உங்களால முடியல, இல்ல?”

“முடியல.”

“அப்பிடி என்னதான் எழுதிக் கிழிச்சீங்க?”

அவர் நாட்குறிப்பின் நகலை நீட்டினார். கெஸையா உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தாள். சமையல்காரர், மாலுமிகள், டெலியா. பதினோராவது பெயரில் விரல் நின்றது. கெஸையா, வயது ஒன்பது நாள். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

“இந்தப் புள்ள எங்க இருக்கு, ஹோசியா?”

“ஈஸ்ட்போர்ட்டுல.”

அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். அந்த வாரமே ஈஸ்ட்போர்ட்டுக்கு ஒரு பொட்டலம் போயிற்று. உள்ளே ஒரு கம்பளிக் குல்லாய், அதைச் சுற்றித் தைத்த, கமாண்டருக்கான தங்கச் சரிகை, கற்பூர வாசனையோடு. இது மேலிடத்துக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் காரணம் கேட்டிருப்பார்கள், சிவப்பு மையில்.