விமானத்திலிருந்து வந்த எண்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த இயக்குநர்கூட ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, பிறகு அதையே வழக்கமாக்கிக்கொண்டார். அவளுடைய நாத்தனாரும் அதே வானிலை மையத்தில் வேலை பார்த்ததால் வந்த வினை இது. நாத்தனார் வாய்க்கு வாய் அண்ணி என்பாள். கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. பதினேழு வருடம் புயல் பிரிவில் குப்பை கொட்டியவளுக்குச் சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை.

நாத்தனாருக்குப் பைலட்டம்மா என்று பட்டம். அவள் ஒன்றும் விமானம் ஓட்டவில்லை. புயலுக்குள் பறக்கும் ஆய்வு விமானத்தின் பின்னால் உட்கார்ந்து, முழங்கை நீளக் குழாய் ஒன்றைக் குட்டி பாராசூட்டோடு கீழே போடுவாள். அந்தக் குழாய் விழும் வழியெல்லாம் காற்றையும் அழுத்தத்தையும் அளந்து சொல்லிக்கொண்டே போய்க் கடலில் மூழ்கிவிடும். அவ்வளவுதான் வேலை. அவ்வளவுதான் என்று சொல்வதற்கு அண்ணியைத் தவிர ஆளில்லை.

நியாயப்படி அந்த இருக்கை அண்ணிக்கு வந்திருக்க வேண்டும். மூன்று வருடம் முன்னால் ஆள் கேட்டபோது முதலில் மனுப் போட்டவள் அவள்தான். துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டுமே என்று நாத்தனாருக்கும் அவளே படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். மருத்துவப் பரிசோதனையில் இவளுடைய இடது காது உயரம் தாங்காது என்று எழுதிவிட்டார்கள். நாத்தனார் தேறிவிட்டாள். அதற்கப்புறம் மாமியார் கூடத்துச் சுவரில் மகள் விமானப் படியில் நிற்கும் படத்தை மாட்டினார். ஏற்கெனவே அந்த ஆணியில் தொங்கிய மகன், மருமகள் கல்யாணப் படம் படுக்கையறைக்குள் போனது.  தூசி தட்டும்போது அண்ணி அந்த விமானப் படத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தட்டினாள்.

புயல் கரைக்கு வந்த அன்று காலை ஆறு மணிக்கே அவள் மேசைக்கு வந்துவிட்டாள். முந்தைய நாள் மாலை புயலின் நடுப்பகுதியில் அழுத்தம் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு மில்லிபார். அழுத்தம் இறங்க இறங்கத்தான் புயலுக்கு வலு ஏறும். செயற்கைக்கோள் படத்தில் மேலே வெள்ளையாக மேகம் போர்த்திக் கிடந்ததால் புயலின் கண் வெளியே தெரியவில்லை. படத்தை வைத்து அவள் மணிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர் காற்று என்று கணித்திருந்தாள். மாலை ஆறு மணி வாக்கில் கரையைக் கடக்கும், நடுத்தரப் புயல்தான் என்பது அவள் முடிவு. அந்த நடுத்தரத்தை வைத்துத்தான் மாவட்ட அதிகாரிகள் எந்தத் தெருவைக் காலி செய்வது, எத்தனை பேருந்து அனுப்புவது என்று திட்டம் போட்டிருந்தார்கள்.

எட்டரைக்கு வீட்டிலிருந்து கணவன் கூப்பிட்டான். தங்கச்சி கிளம்பிட்டாளா, பறக்க வசதியா இருக்கா, சாப்பிட்டுப் போனாளா என்று மூச்சுவிடாமல் கேட்டான். நீ சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு விமானத்திலிருந்து முதல் எண் வந்தது. தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. காற்று நூற்று அறுபத்தைந்து. பதினைந்து மணி நேரத்தில் இருபத்தேழு இறங்கியிருந்தது. பின்னாலேயே நாத்தனாரின் குரலும் இரைச்சலுக்கு நடுவில் வந்தது.

"அண்ணி, கண்ணு நல்லா வட்டமா அமைஞ்சிடுச்சு. சுத்தி மேகம் சுவர் மாதிரி நிக்குது. அறுபத்தொண்ணு. பாத்தீங்களா?"

அண்ணி பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தோன்றியது புயலைப் பற்றி அல்ல. 'நாளைக்கு எல்லா செய்தியிலும் இவள் முகம்தான் வரும். நூற்றுப் பத்து என்று எழுதிய என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்' என்றுதான் தோன்றியது. 

ஒரே ஒரு அளவு, கருவிக் கோளாறாகவும் இருக்கலாம், இரண்டாவது வரட்டும் என்று இயக்குநரிடம் சொன்னாள். அதில் தப்பில்லை. எச்சரிக்கையான ஆள் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். இயக்குநர் தலையாட்டினார். பத்து மணி அறிக்கை நடுத்தரப் புயல் என்றே போனது.

பத்து இருபத்தைந்துக்கு இரண்டாவது எண் வந்தது. தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. சாக்குச் சொல்ல இனி இடமில்லை. இயக்குநர் மேலதிகாரிகளோடு கூட்டத்தில் இருந்தார். எழுந்து போய்க் கதவைத் தட்டிச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. அவள் எழவில்லை. பழைய படங்களை மறுபடி திறந்தாள். அளவெடுத்தாள். அழித்தாள். தன் கணக்கும் எங்கேயாவது சரியாக வந்துவிடாதா என்று தேடினாள். விமானம் இல்லாமலே நானே கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஒரு துரும்பு கிடைத்தால் போதும் என்றிருந்தது. பதினொன்று பத்துக்கு, மேலே போர்த்தியிருந்த மேகம் விலகி, படத்தில் கண் ஊசிமுனை போலக் கறுப்பாகத் தெரிந்தது. அப்போதுதான் போய்க் கதவைத் தட்டினாள். படத்தை வைத்துத் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னாள்.

சிறப்பு அறிக்கை பறந்தது. கடற்கரைத் திட்டில் இருந்த குடியிருப்புக்கு மேலும் ஆறு பேருந்து அனுப்பினார்கள். மூன்று மணிக்குக் காற்று எல்லை மீறியதால் திட்டைக் கரையோடு இணைக்கும் பாலத்தை மூடினார்கள். ஐந்து பேருந்து இந்தப் பக்கம் வந்திருந்தன. ஆறாவது அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதில் இருந்த முப்பத்து நான்கு பேரும் பள்ளிக்கூட மாடியில் ஒதுங்கினார்கள். ஆறேகாலுக்குப் புயல் அவர்கள் தலைக்கு மேலேயே கரையேறியது. கூரை போனது. யாரும் சாகவில்லை. இஸ்திரிக் கடை வைத்திருந்த ஒரு பெண்ணின் காலில் உத்தரம் விழுந்து, தொடை எலும்பு இரண்டாக உடைந்தது.

அடுத்த வாரம் விசாரணை வந்தது. எப்போது எந்த அளவு வந்தது, யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணி வெற்றுத் தாளோடு உட்கார்ந்திருந்தபோது நாத்தனார் அவளை மாடிப்படிக்கு அழைத்துப் போனாள்.

"நான் எழுதிக் குடுத்துட்டேன் அண்ணி. சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு, ரெண்டாவது அளவு உங்களுக்கு லேட்டாத்தான் கிடைச்சிருக்கும்னு."

"அப்படி ஒண்ணும் இல்லையே."

"இல்லதான். அதுக்காக உங்கள மாட்டிவிட முடியுமா?"

அண்ணிக்கு நன்றி வரவில்லை. ஆகாயத்தில் பறந்தது போதாதென்று இதிலும் இவளே ஒரு படி மேலே போய் நின்றுகொண்டாளே என்று நெஞ்சு எரிந்தது. வாழ்நாள் முழுக்க இவள் தயவில் தலைகுனிந்து நடக்க வேண்டுமா?

"நான் வேணும்னேதான் உக்காந்திருந்தேன்," என்றாள். "நாப்பத்தஞ்சு நிமிஷம். எனக்கு உன்மேல பொறாமை."

நாத்தனார் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும் அண்ணி."

"எப்போலேர்ந்து?"

"எனக்கு அந்த சீட் கிடைச்ச அன்னிக்கு ஸ்வீட் வாங்கிட்டு வந்தீங்களே. எல்லாருக்கும் குடுத்தீங்க. என் கையில மட்டும் குடுக்கல, டேபிள்ல வெச்சிட்டுப் போனீங்க."

அண்ணி திரும்பிப் போய் உள்ளதை உள்ளபடி எழுதினாள். இரண்டு எண்களையும், நேரத்தையும், சிக்னலில் குறையில்லை என்பதையும், படத்தை வைத்துத் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னது பொய் என்பதையும் எழுதினாள். நாத்தனாரின் தாளைத் திரும்ப வாங்கித் தரச் சொல்லி இயக்குநரிடம் கேட்டாள். பெரிய மனது பண்ணி அப்படிச் செய்ததாக அலுவலகத்தில் சிலர் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெருமையை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னதில் பாதி, நாத்தனாருக்குக் கடன்படக் கூடாது என்ற வீம்பு. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு வருடத்துக்குப் புயல் பிரிவிலிருந்து எடுத்து, பழைய மழைப் பதிவுகளைச் சரிபார்க்கும் அறையில் போட்டார்கள். கணவன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், தன்னிடம் இதையெல்லாம் எப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றாள்.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இஸ்திரிக் கடைக்காரி மூன்றாவது கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியபடி கிடந்தாள். வானிலை மையத்திலிருந்து வருகிறேன் என்றதும் அவள் முகம் மலர்ந்தது.

"அந்த ஏரோப்ளேன்ல புயலுக்குள்ள போற பொண்ணு நீங்கதானா? டிவில பாத்தேன்."

"இல்லைங்க. அது என் நாத்தனார்." சொல்லிவிட்டு, நிறுத்திவிடலாம் என்று பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவ சரியாத்தான் சொன்னா. வெளிய சொல்ல வேண்டியவ நான். நான்தான் லேட் பண்ணேன். உங்க பஸ் அதனாலதான் மாட்டிக்கிச்சு."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். அழவோ திட்டவோ இல்லை. எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டாள். அண்ணி சொன்னாள். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நெடுநேரம் கழித்து, திரும்பாமலே, முட்டிக்குக் கீழே நழுவிவிட்ட தலையணையைக் கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொன்னாள்.

அண்ணி இரண்டு கையாலும் அந்தக் காலைத் தாங்கிப் பிடித்து, தலையணையைச் சரியாக உள்ளே தள்ளினாள்.