கங்கம்மா முன்னால் ஓடிய இன்ஜின்

தடாவில் சம்பத்தின் வீட்டுக் கொல்லையில் ஒரு நீல டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. அதன் விளிம்பில் பழைய படகு இன்ஜினை மாட்டி, கயிற்றைப் பிடித்து இழுத்தான் சம்பத். இரண்டு இழுப்புக்கு இருமிவிட்டு மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. டிரம் தண்ணீர் கொதித்தெழுந்து வெளியே கொட்ட, மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடின. அதை வாங்க வந்திருந்த கங்கையா குனிந்து பார்த்தான். இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை, அதிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் பீய்ச்சியது.

"இத்த பாத்துக்க அண்ணா. ஓடற வரைக்கும் இது வந்துகினே இருக்கணும். நின்னுச்சுன்னா உடனே ஆப் பண்ணிடு. தண்ணி இல்லாம மட்டும் ஓட்டிடாத. உள்ள தண்ணி இழுக்கற ரப்பர் ரெக்கை ஒண்ணு கீது, காஞ்சா பொசுங்கிடும். அது பூட்டா இன்ஜினும் பூடும்."

கங்கையா தலையை ஆட்டினான். ஒரு பொருள் கைக்கு வரப்போகிற சந்தோஷத்தில் இருப்பவன் எதற்கும் தலையை ஆட்டுவான். ஆனாலும் கங்கையா நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் ஆட்டினான்.

புலிகாட் ஏரியில் மீன் தொழில் செய்ய சம்பத்தின் மகன்கள் இரண்டு பேரும் ஆசையாக வாங்கிய இன்ஜின் அது. இப்போது இருவரும் கத்தாரில் ஏதோ கட்டட வேலையில் இருக்கிறார்கள். ஒண்டி ஆளாக அதைத் தூக்கி மாட்ட சம்பத்தின் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. விற்று முடித்ததும் பழைய லுங்கியால் இன்ஜினைத் துடைத்துக் கோணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தான். பஸ் கிளம்பும் வரை கூடவே நின்றான். பேசுவதற்கு அவனுக்கு இன்னும் நிறைய இருந்தது போலிருந்தது.

கங்கையாவின் ஊர் பிச்சாட்டூர்ப் பக்கம், அணைத் தண்ணீருக்கு அக்கரையில் ஒரு மேடு. அவன் அப்பன் காலத்தில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. அணை கட்டித் தண்ணீர் ஏறின பிறகு, யாருக்கும் வேண்டாத அந்த மேட்டைப் பட்டா போட்டுக் கொடுத்தார்கள். நிலம் கிடைத்தது, ரோடு எதிர்க்கரைக்குப் போய்விட்டது. மலையைச் சுற்றி மண்பாதையில் வருவதென்றால் ஆட்டோக்காரர்களே முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் ஆளுக்கொரு படகு. கங்கையாவிடம் இருந்தது ஒரு பைபர் படகு.

மனைவி செங்கம்மா போய்ச் சேர்ந்தபோது மகள் யமுனா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இன்டர் பன்னிரண்டாவது முடித்ததும் சத்தியவேடு பக்கம் புதிதாக வந்த கம்பெனிகளில் ஒன்றில், செல்போன் பாகங்களைப் பூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி பஸ் எதிர்க்கரை ரோட்டில் நிற்கும். தினமும் துடுப்புப் போட்டு அவளைக் கொண்டுபோய் விட்டான் கங்கையா. எதிர்க்காற்று வந்தால் படகு நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பஸ் இரண்டு தடவை அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனாள்.

"தெனம் சரியா வந்து போக முடிஞ்சா நான் ஏன் நைனா ஹாஸ்டல்ல கெடக்கப் போறேன்?" என்று போகும்போது சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் ஒன்றரை வருஷம் ஓட்டினான். தினமும் சாயங்காலம் அவளுக்குப் போன் போடுவான். "சொல்லு நைனா" என்பாள். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. "தண்ணி மதகுல ஒரு படி எறங்கிச்சும்மா" என்பான். மழைக்காலமென்றால் ஏறிச்சு என்பான். பிறகு துன்னியா என்று கேட்பான், துன்னுட்டேன் என்பாள், அவ்வளவுதான். போனை வைத்த பிறகு வீட்டுக்குள் டிவி மட்டும் பேசிக்கொண்டிருக்கும். அவனுக்கு மகள் வீட்டுக்கு வரவேண்டும். வேறு எதுவும் வேண்டாம். கறவை மாட்டை ஓட்டிப்போய் விற்றபோது ஊரே அவனைப் பைத்தியக்காரன் என்றது. அந்தப் பணத்தில் படகுக்கு இன்ஜின் மாட்டினால் பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்கலாம் என்பது அவனுடைய மனக்கணக்கு.

அந்த ஊரில் எந்த வண்டி வந்தாலும், சைக்கிளைத் தவிர, கரைமேட்டுக் கங்கம்மா கோயில் முன்னால் நிறுத்தி ஸ்டார்ட் செய்ய வேண்டும். கற்பூரம் எரிகிற வரை வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வண்டியின் குரலை அம்மா ஒரு தரம் கேட்டுவிட்டால் நடுவழியில் விடமாட்டாள் என்பது நம்பிக்கை. டிராக்டர் வந்தபோது அப்படித்தான் செய்தார்கள், பம்புசெட்டு வந்தபோதும் செய்தார்கள். படகு இன்ஜின் மட்டும் என்ன தனிச் சாதியா?

வெள்ளிக்கிழமை காலையில் மாட்டுவண்டியின் பின்சட்டத்தில் இன்ஜினை மாட்டிக் கோயில் முன்னால் நிறுத்தினான். இன்ஜினுக்குச் சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை அதன் காற்றாடிக்குக் கீழே மண்ணில் வைத்தார்கள். பூசை செய்யும் பொன்னியம்மா மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி இல்லாம ஓட்டக்கூடாதாம்க்கா" என்றான் கங்கையா.

"கங்கம்மாகிட்டயே தண்ணிக்குப் பஞ்சமாடா?" என்று சொல்லி, ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை இன்ஜின் தலையில் ஊற்றினாள் பொன்னியம்மா. "இஸ்து வுடு. கல்பூரம் எரியற நேரந்தான."

கற்பூரம் எரிகிற நேரம்தானே என்று அவனும் நினைத்தான். இழுத்தான், பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு ஊரில் மிச்சமிருந்த ஆட்களெல்லாம் வந்துவிட்டார்கள். பெங்களூருக்கும் சென்னைக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியாகக் கிடப்பவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். மகனுக்கு அனுப்ப ஒருத்தர் போனில் படம் பிடித்தார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் தன் பங்குக்கு ஒரு தேங்காயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். எங்க வாங்கின, எவ்ளோ வேகம் போவும், எண்ணெய் எவ்ளோ குடிக்கும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். செங்கம்மாவின் காரியத்துக்குப் பிறகு இத்தனை பேர் தன்னைச் சுற்றி நின்று அவன் பார்த்ததில்லை. ஒவ்வொருவருக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னான். இன்ஜினை அணைத்தால் கலைந்துவிடுவார்கள் என்று உள்ளுக்குள் தோன்றியது. முதல் கற்பூரம் அணைந்தது. பொன்னியம்மா இரண்டாவது கட்டியை ஏற்றினாள். லேசாக ரப்பர் கருகுகிற வாடை வந்தது. சாம்பிராணிப் புகையில் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை, அவனுக்கும்கூட.

மறுநாள் சாயங்காலம் யமுனா லீவுக்கு, சொல்லாமலே, மலைப்பாதை வழியாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். படகின் பின்னால் இருந்த இன்ஜினைப் பார்த்தாள். காலியாகக் கிடந்த மாடு கட்டுகிற இடத்தையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தூங்கினாள், எழுந்து போன் பார்த்தாள், மறுபடி தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மதிய ஷிப்டுக்குக் கிளம்பியபோதுதான் அவன் விஷயத்தை எடுத்தான்.

"இன்னும் தண்ணில எறக்கல. மொத சவாரி நீதான்னு வெச்சிருந்தேன். ஹாஸ்டல காலி பண்ணிட்டு வந்துடும்மா. தெனம் நான் கொண்டாந்து வுடறேன்."

"மொதல்ல இன்னிக்கு பஸ்ஸ புடிக்கலாம் நைனா" என்றாள்.

இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. ஊர் பின்னால் ஓடியது. கங்கையாவுக்குச் சிரிப்பு வந்தது. யமுனா முன்பலகையில் எதிர்க்கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் கடைசியில் உட்கார்ந்து பிடியைத் திருப்பிக்கொண்டிருந்ததால் அவளுடைய முதுகும் பின்னலும் கம்பெனிப் பையும்தான் தெரிந்தன. "பயமா கீதா?" என்று கத்தினான். அவள் திரும்பி "என்னா?" என்று கத்தினாள். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். அவளுடைய பின்னல் காற்றில் அடித்துக்கொள்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டையைப் பார்க்கவில்லை.

பாதித் தண்ணீரைத் தாண்டியபோது இன்ஜினின் குரல் கட்டிப்போனது. வெள்ளைப் புகை வந்தது. ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது. அப்போதுதான் குனிந்து பார்த்தான். ஓட்டை காய்ந்து கிடந்தது. கையை வைத்தான், சுட்டது. இரண்டு கற்பூரக் கட்டிகளும், அந்த வாடையும், சுற்றி நின்ற முகங்களும் வரிசையாக ஞாபகம் வந்தன.

"பஸ் பூடும் நைனா."

பலகைக்கு அடியில் கிடந்த துடுப்புகளை எடுத்து மாட்டினான். துடுப்புப் போடுகிறவன் போகிற கரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். பாரம் பார்த்து யமுனா பின்பக்கம் வந்து, செத்துப்போன இன்ஜினுக்கு முன்னால், அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். முந்தின நாளிலிருந்து வீட்டில் இருந்தவளை அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மூக்கில் ஒரு சின்ன வெள்ளைக்கல்.

"மூக்குத்தி எப்ப போட்ட?"

"ரெண்டு மாசம் ஆவுது."

நாலு இழுப்பு இழுத்தான். "ரிப்பேர் பண்ணிடலாம். ஒரு ரப்பர்தான். சம்பத்துகிட்ட கேட்டா கெடைக்கும்."

யமுனா தண்ணீரைப் பார்த்தாள். "நைனா, அது நல்லா ஓடினாலும் நான் வரமாட்டேன்."

துடுப்பு நின்றது.

"ஹாஸ்டல்ல எங்க ரூம்ல ஆறு பேரு. ராவெல்லாம் பேசிக்கினு கெடப்போம். இங்க வந்தா..."

"அப்புறம் ஏன் அன்னிக்கு அப்டி சொன்ன?"

"நீ அழுதுடுவியேன்னு சொன்னேன். நீ போய் மாட்ட விப்பன்னு எனக்கு இன்னா தெரியும்? வந்ததும் பாத்தேன். கேக்க தைரியம் இல்ல."

அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறு பேரோடு பேசிக்கொண்டு கிடக்கிற பெண்ணை, தண்ணீர் ஏறின கதையும் இறங்கின கதையும் கேட்க வா என்று எப்படிக் கூப்பிடுவது?

எதிர்க்கரை ரோட்டில் பஸ் ஹாரன் நீளமாக அடித்தது.

யமுனா எழுந்தாள். படகு ஆடியது. பக்கத்தில் வந்து, "நவுரு நைனா" என்று பலகையில் அவனை ஒட்டி உட்கார்ந்து, இடது கைத் துடுப்பை வாங்கிக்கொண்டாள். முதல் இழுப்பில் அவன் பலம் கூடி, படகு வட்டமாகத் திரும்பிற்று. படகு நேராகப் போக வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே அளவில் இழுக்க வேண்டும். எதிரே மேடும் வீடுகளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டிருந்தன. இருவரும் அதைப் பார்த்தபடியே இழுத்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஹாரன் மறுபடி அடித்தது. யமுனா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக இழுத்தாள். படகு கோணாமல் இருக்க அவனும் இழுத்தான்.