சாப்பாடு உட்பட

அந்தக் கடற்கரை ஊரில் சீசன் நேரத்தில் ஒரு தட்டுச் சோற்றுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் வந்த பசியும் ஓடிவிடும். அப்படிப்பட்ட ஊருக்கு அன்றாடங்காய்ச்சிகளும் பென்ஷன்காரர்களும் வருஷா வருஷம் டூர் பஸ் ஏறினார்கள் என்றால், அதற்குக் காரணம் சமையல் மாஸ்டர். அவருடைய கைமணத்தைச் சொல்லவில்லை. அது சுமார்தான் என்று அவர் மனைவியே சொல்வாள். டிக்கெட்டிலேயே மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம் என்பதுதான் விஷயம். பஸ்ஸின் கடைசி இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேஸ் அடுப்பு, அண்டாக்கள், அரிசி மூட்டை, சொந்த ஊர்த் தண்ணீர் நிரப்பிய டிரம்கள் என்று ஒரு சமையல்கட்டையே ஏற்றியிருப்பார்கள். அவற்றின் நடுவே மாஸ்டரும் மனைவியும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவார்கள்.

கல்யாணச் சமையலெல்லாம் கான்ட்ராக்ட்காரர்கள் கைக்குப் போய் வெகுநாள் ஆகிவிட்டது. மாஸ்டருக்கு மிச்சம் இருந்த ஒரே பிழைப்பு இந்த பஸ்தான். அதற்கும் இந்த முறை கிளம்பும்போதே பஸ்ஸை நடத்தும் டூர்க்காரர் வேட்டு வைத்தார்.

"கேஸ், அரிசி எல்லாம் கையைக் கடிக்குது மாஸ்டர். சாப்பாட்டை நிறுத்திட்டு டிக்கெட்டைக் குறைச்சிடலாமான்னு யோசிக்கிறேன். ஆனா சாப்பாடு இல்லன்னா எவன் வருவான்னு பயமாவும் இருக்கு. இந்தத் தடவை பார்ப்போம்."

அந்தப் 'பார்ப்போம்' வழி நெடுக மாஸ்டரை விடவில்லை. இந்த இரண்டு நாளும் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு குறை வரக் கூடாது என்று மனைவியிடம் நான்கு முறை சொல்லிவிட்டார். ஐந்தாவது முறை ஆரம்பித்தபோது, "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள் அவள்.

காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் அடுப்பைப் பற்றவைத்து, உலை கொதித்து, அரிசியும் போட்ட பிறகுதான் காவலாளி வந்து நின்றார். இந்த வருஷத்திலிருந்து இங்கே சமைக்கத் தடையாம். மாஸ்டர் கெஞ்சினார், டூர்க்காரர் அதட்டினார், எதுவும் எடுபடவில்லை. கொதிக்கிற அண்டாவைத் தூக்கி பஸ்ஸில் ஏற்ற முடியுமா? அரைவேக்காட்டு அரிசியை நீரோடு சாக்கடையில் கொட்டினார்கள். அடுத்து நின்ற இடத்திலும் அதே கூத்து. கடைசியில் படகுகளைப் பழுதுபார்க்கும் கொட்டகைக்குப் பின்னால் ஓர் இடம் கிடைத்தபோது மணி பன்னிரண்டு. இரண்டு உலையையும் கொட்டியதில் டிரம்கள் எல்லாம் காலி. கொட்டகைச் சுவரில் ஒரு குழாய் இருந்தது.

மனைவி ஒரு கை பிடித்து வாயில் விட்டுத் துப்பினாள். "ஏங்க, தண்ணி கரிக்குது."

"கடல் பக்கத்துல பின்ன இனிக்குமா? உலையை வை. நாப்பது பேர் பசியில இருக்காங்க."

"உப்பையாவது குறைச்சுப் போடுங்க. இல்ல, ஒரு வாய் எடுத்துப் பாருங்க."

அங்கேதான் வந்தது வினை. மாஸ்டர் ருசி பார்த்துச் சமைக்கிற ஆள் இல்லை. கொதிக்கிற ஆவியை முகர்ந்தே உப்பு காணுமா காணாதா என்று சொல்லிவிடுவார். நாக்கில் விட்டுப் பார்ப்பதெல்லாம் நேற்று வந்த பொடியன்கள் வேலை என்று முப்பது வருஷமாக ஒரு திமிர். கடல் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருக்க, குழம்பின் மேல் குனிந்து மூக்கை உறிஞ்சினார். காணாது என்று தோன்றியது. இன்னும் ஒரு பிடி போட்டார்.

முதல் தட்டு ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவருக்குப் போனது. அவர் ஒரு வாய் வைத்தார், தண்ணீர் கேட்டார், தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். ஒரு குழந்தை வாயில் போட்டதைத் துப்பிவிட்டு அம்மாவைப் பார்த்தது. யாரும் மாஸ்டரைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாவம், வயசான மனுஷன் என்று தங்களுக்குள் முணுமுணுத்துவிட்டு, இரண்டிரண்டு பேராகக் கடைத்தெருப் பக்கம் நடந்தார்கள்.

மனைவி ஒரு பருக்கையை வாயில் வைத்தாள். அண்டாவை இழுத்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

மாஸ்டருக்கு மானம் போனது. ஆனாலும் ஒரு நப்பாசை ஒட்டிக்கொண்டிருந்தது. போகட்டும், அந்தக் கடைகளில் விலை கேட்டுவிட்டு வரட்டும். வயிறு எரிந்து, டூர்க்காரர் சட்டையைப் பிடிப்பார்கள். அப்போது தெரியும் அவருக்கு, மாஸ்டர் இல்லாவிட்டால் இந்த பஸ் ஓடாது என்று.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தார்கள். விலையைச் சொல்லி அங்கலாய்த்தார்கள்தான், ஆனால் பல் குத்திக்கொண்டே அங்கலாய்த்தார்கள். ஒரு பெண்மணி, "போனாப் போவுது, வருஷத்துக்கு ஒரு நாள்தானே" என்றாள். போஸ்ட்மேன் ஏப்பம் விட்டார்.

டூர்க்காரர் மாஸ்டரைத் தனியே கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டே முந்திக்கொண்டார்.

"தப்பு என்மேலதான். ராத்திரிச் சாப்பாட்டுல சரி பண்ணிடறேன். நல்ல தண்ணி எங்க இருந்தாலும் நானே சுமந்துட்டு வந்துடறேன்."

டூர்க்காரர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை அந்த முகத்தில். "விடுங்க மாஸ்டர். நான்தான் வீணாப் பயந்துட்டேன். ஒருத்தர்கூட என்கிட்ட வந்து காசைத் திருப்பிக் கேக்கல பாருங்க. அவங்கவங்க சாப்பாட்டை அவங்கவங்க பார்த்துக்குவாங்க. பின்னாடி அந்த சீட்டுகளையும் திரும்ப மாட்டிட்டா இன்னும் ஆறு பேர் ஏறலாம். நீங்க ரெண்டு பேரும் ரெஸ்ட் எடுங்க. கடலைப் போய்ப் பாருங்க."

மாஸ்டர் கடலைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் டூர்க்காரருடைய அந்தப் பயம் ஒன்றுதான் தனக்குச் சோறு போட்டது என்பதும், அதைத் தன் கையாலேயே போக்கிவிட்டோம் என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கொட்டகைக்குப் பின்னால் மனைவி அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு மணலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரிக்கு எத்தனை படி போடட்டும்?"

"வேண்டாமாம்."

"சரி, நாளைக்கு?"

"நாளைக்கும் வேண்டாம். இனிமே வேண்டாமாம்."

அவள் கை நின்றது. அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்ப இதை எதுக்கு நான் தேய்ச்சிக்கிட்டு இருக்கேன்?"

மாஸ்டர் அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நல்லாத் தேய். பளபளன்னு இருந்தாத்தான் விலைக்கு எடுக்கறவன் ரெண்டு காசு கூடக் குடுப்பான்."

அவள் இன்னொரு பிடி மணலை அள்ளிக்கொண்டாள்.